கிணற்றுப் பாடமும் குளிர்கடல் பாடமும்

குண்டாறு திருச்சுழியை ஒட்டித் தண்ணீராக ஓடும் நாட்கள் ஆண்டில் கொஞ்சம்தான். ஐப்பசி, கார்த்திகை மழை கைகொடுத்தால் சில வாரம் ஓடும். மற்ற காலமெல்லாம் மணல் தடம். அந்த ஆறு கமுதி வழியாகப் போய் மூக்கையூர்ப் பக்கம் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துப் பிள்ளைகள் நீச்சல் பழகியது கடலில் அல்ல. கமலை இறைத்த காலத்து வட்டக் கிணறுகளும், மழை பெய்தால் மட்டும் நிறையும் கண்மாய்களுமே அவர்களுக்கு நீச்சல் பள்ளி.

இதற்கு நேர் எதிர் முனையில் வைத்துப் பார்க்கத்தக்க ஓர் இடம் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால் கடற்கரை. அங்கே நியூகீ என்ற ஊரின் ஃபிஸ்ட்ரல் கடற்கரையில் பள்ளிப் பிள்ளைகள் கருப்பு ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு அலைச்சறுக்குப் பழகுகிறார்கள். கொஞ்சம் தள்ளி, அலை அடங்கிய முகத்துவாரங்களில் கயாக் என்ற சிறு படகில் துடுப்புப் போடுகிறார்கள்.

கரிசல் காட்டுக் கிணற்றையும் அட்லாண்டிக் அலையையும் ஒப்பிட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அடிப்படை ஒன்று உண்டு. இரண்டு இடத்திலும் தண்ணீர் அன்றாடத் துணை அல்ல. அங்கே குளிர், மனிதனைத் தண்ணீரை விட்டுத் தள்ளி வைக்கிறது. இங்கே வறட்சி, தண்ணீரை மனிதனை விட்டுத் தள்ளி வைக்கிறது. ஆகவே இரண்டு ஊரிலும் நீச்சல் என்பது தானாக வருவதில்லை. யாராவது ஒருவர் கற்றுக்கொடுத்தாக வேண்டும். எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதே இங்கே ஒப்பிடப்படுவது.

நீரின் குணம்

நம் பக்கத்துக் கிணற்று நீர் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 28 டிகிரி செல்சியஸில் இருக்கும். சித்திரை வெயிலில் மேல்தண்ணீர் வெதுவெதுப்பாகவும், முங்கிப் போனால் காலடியில் சில்லென்றும் இருக்கும். கண் சிவந்து விரல் நுனி சுருங்கும்வரை கிடக்கலாம். இந்த நீர் ஆளைக் கொல்வதென்றால் ஆழத்தால் கொல்லும், வெப்பநிலையால் அல்ல.

கார்ன்வால் கடல் மார்ச் மாதத்தில் 9, 10 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆகஸ்டிலும் 17ஐ ஒட்டித்தான் நிற்கும். நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும். 15 டிகிரிக்குக் கீழான தண்ணீரில் திடீரென விழுந்தவருக்கு, அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், மூச்சு வெடுக்கென்று உள்ளே இழுக்கும். அந்த நொடியில் வாய் தண்ணீருக்குள் இருந்தால், நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மூழ்கிப்போவார். கனடாவின் மனிட்டோபா பல்கலைக்கழகத்தில் குளிரை ஆராய்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று மூன்று எண்ணில் அடக்கினார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கையும் காலும் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ 1 மணி நேரம். குளிர்கடலில் இறப்பவர்களில் பலர் உடல் விறைத்துச் சாவதில்லை; முதல் சில நிமிடங்களில் மூச்சும் தசையும் கைவிட்டே சாகிறார்கள்.

இந்த வேறுபாடு மிதவையின் வடிவத்திலேயே தெரியும். வெதுவெதுப்பான கடலில் பிறந்த நம் கட்டுமரம் திறந்தது; அலை மேலேறி வழிந்து போகலாம், ஓட்டுபவர் நனையலாம், விழுந்தால் ஏறிக்கொள்ளலாம். கிரீன்லாந்து இனுயிட் வேட்டைக்காரர்களின் கயாக் மூடியது. மிதந்து ஒதுங்கிய மரத்தில் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் தோலை இழுத்துத் தைத்து, ஆள் இடுப்பளவு இறங்கி உட்கார ஒரு வாய் மட்டும் விட்டார்கள். உட்காருபவரின் தோல் சட்டையும் அந்த வாயோடு சேர்த்துக் கட்டப்படும். ஒரு சொட்டும் உள்ளே வரக் கூடாது. குளிர்தான் அந்தப் படகுக்கு மூடி போட்டது.

முதல் பாடம்

கிணற்றுப் பாடம் பெரும்பாலும் சொல்லாமல் தொடங்கும். தாய்மாமனோ சித்தப்பாவோ பையனைத் தோளில் தூக்கிப்போய், படியில் சற்று நேரம் உட்காரவைத்து, அவன் எதிர்பாராத நேரத்தில் தண்ணீருக்குள் விட்டுவிடுவார். இரண்டு மடக்குக் குடித்து, கையும் காலும் உதறி மேலே வருவதற்குள் அவரும் குதித்திருப்பார். இடுப்பில் கட்டிய துண்டைப் பிடித்துத் தூக்குவார். அந்தப் பதற்றத்தில் பிறப்பதுதான் நாய் நீச்சல். அதன் பிறகு முங்கு நீச்சல், மல்லாக்க நீச்சல், பல்டி, மோட்டார் ரூம் மேலிருந்து சொருகல், அடிமண்ணை அள்ளிவந்து காட்டுதல் என்று ஒவ்வொன்றாக வரும்.

அலைச்சறுக்கின் முதல் பாடம் மணலில். பலகையைக் கரையிலேயே போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து, கையால் துழாவி, ஒரே எழும்பலில் எழுந்து நிற்கப் பழக்குவார்கள். விழும்போது தலைகுப்புறப் பாயாமல் தட்டையாக விழ வேண்டும், எழும்போது பலகை தலையில் மோதாமல் கையால் மூடிக்கொண்டு எழ வேண்டும் என்பதெல்லாம் தண்ணீரைத் தொடுமுன்பே சொல்லப்படும். பிறகு இடுப்பளவு நீரில், உடைந்து வரும் நுரையலையில் மட்டும் பயிற்சி. ஒரு பயிற்றுநருக்கு 8 பேருக்கு மேல் கூடாது என்பது அங்கே நடைமுறை.

கயாக்கின் தொடக்கமோ கவிழ்வதில். அமைதியான நீரில் படகை வேண்டுமென்றே தலைகீழாகப் புரட்டி, தண்ணீருக்குள் தொங்கியபடி, இடுப்பைச் சுற்றிய மூடியின் வாரை முன்னோக்கி இழுத்து, கழன்று வெளியே வரக் கற்றுக்கொள்கிறார்கள். அதற்குப் பின்தான் துடுப்பு. இதன் உச்சம், வெளியே வராமலே படகோடு சுழன்று நிமிர்வது. கவிழ்ந்து கழன்றவர் கிரீன்லாந்தின் குளிர்நீரில் பிழைப்பது அரிது என்பதால், துடுப்புத் தவறினால், ஒரு கை கயிற்றில் சிக்கினால் என்று ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு புரளலைக் கிரீன்லாந்துக்காரர்கள் வகுத்து வைத்திருந்தார்கள். ஐரோப்பியர்களில் அதை முதலில் கற்றுக்கொண்டவராகச் சொல்லப்படுபவர் ஆஸ்திரியாவின் எடி ஹான்ஸ் பவ்லாட்டா, ஆண்டு 1927.

கிணறும் கயாக்கும் விபத்திலிருந்தே பாடத்தைத் தொடங்குகின்றன. வேறுபாடு, மாணவருக்கு அது முன்கூட்டித் தெரியுமா என்பதில் இருக்கிறது. கயாக்கில் கவிழ்பவர் எண்ணிப்பார்த்துக் கவிழ்கிறார். கிணற்றில் தள்ளப்பட்டவருக்கு எதுவும் தெரியாது. அப்படித் தள்ளப்பட்டு நீச்சல்காரரானவர்கள் பலர். அன்றைக்குப் பயந்து, அதன்பின் வாழ்நாள் முழுக்கத் தண்ணீர்ப் பக்கமே போகாதவர்களும் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அவர்களை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

கட்டிக்கொள்ளும் மிதவை

நம் பக்கத்தில் முதுகில் கட்டிவிட்டது காய்ந்த சுரைக்குடுக்கை. பின்னால் லாரி டியூபும் மூடி இறுகிய வெறும் எண்ணெய் கேனும் வந்தன. கை கால் அசைவு படிந்துவிட்டது என்று தெரிந்ததும், ஒருநாள் பிள்ளைக்குச் சொல்லாமலே முடிச்சை அவிழ்த்துவிடுவார்கள். கிணற்றின் பாதி தூரம் போன பிறகுதான் முதுகில் ஒன்றுமில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

குளிர்கடலின் குடுக்கை, நியோப்ரீன் என்ற ரப்பரில் ஆன அந்தக் கருப்பு உடை. 1952 வாக்கில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் அதை வடிவமைத்தார். அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் ஜாக் ஓநீல் தன் அலைச்சறுக்குக் கடையைத் திறந்து, அந்த உடையைச் சறுக்குவோரிடம் பரப்பினார். ரப்பருக்குள் அடைபட்ட நுண்ணிய வாயுக் குமிழ்கள் சூட்டை வெளியே விடாமல் தடுக்கின்றன. உடலை ஒட்டி நுழையும் கொஞ்சம் தண்ணீரும் உடல் சூட்டிலேயே வெதுவெதுப்பாகிவிடுகிறது. அதே குமிழ்கள்தான் ஆளை மிதக்கவும் வைக்கின்றன. சுரைக்குடுக்கையும் அடைபட்ட காற்றுதான். ஆனால் குடுக்கை அவிழ்ப்பதற்காகவே கட்டப்படுவது. குளிர்கடலில் இருபது ஆண்டு பழகியவராலும் உடையில்லாமல் நெடுநேரம் நிற்க முடியாது.

அமைதியாகத் தெரியும் இடம்

கார்ன்வாலில் அலையேறுமுன் கரையில் நின்று கடலைப் பார்க்கச் சொல்வார்கள். வெள்ளை நுரையாக அலை உடையும் வரிசைக்கு நடுவே, உடையாமல் கருமையாக, அமைதியாக ஒரு வழி தெரியும். புதியவர் அங்கேதான் இறங்க நினைப்பார். கரைக்கு வந்த நீர் கடலுக்குத் திரும்பும் இழுப்பு நீரோட்டம் அது. சிக்கினால் எதிர்த்து நீந்தாதே. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போ. கையை உயர்த்து என்பது பாடம். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே நீந்தலாம். கருப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடிகளுக்கு நடுவே பலகைகள். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் புரியும் ஒழுங்கு அது.

கண்மாயிலும் கொல்வது அமைதியான இடமே. திறந்த மடைக்கு முன்னால் மேல்நீர் அசையாது, உள்ளே இழுக்கும். கோடையில் மண் அள்ளிய பள்ளம், கார்த்திகையில் நிறைந்த பிறகு மற்ற இடத்தைப் போலவே தெரியும். முழங்காலளவு என்று நடந்தவர் அடுத்த அடியில் ஆளுயரம் இறங்கிவிடுவார். கரையோரச் சீமைக்கருவேல முள் நீருக்கடியில் காத்திருக்கும். ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த இடங்கள் அத்தனையும் தெரியும். ஆனால் அந்த அறிவுக்குக் கொடி இல்லை. லீவுக்கு வந்த பேரனுக்கு அது போய்ச் சேர்வதில்லை.

யாருக்குக் கிடைக்கிறது

குளிர்கடல் பாடத்துக்குக் காசு வேண்டும். பலகை, உடை, பயிற்றுநர் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. கிணற்றுப் பாடம் இலவசம். ஆனால் இலவசம் என்பதால் எல்லோருக்கும் கிடைத்ததாக எண்ணிவிடக் கூடாது. யாருடைய கிணற்றில் யார் இறங்கலாம் என்பதைச் சாதி முடிவு செய்த ஊர்கள் நம்முடையவை. பெண்பிள்ளைகள் வயதுக்கு வருமுன் கற்றதோடு சரி; அதற்குப் பிறகு கிணற்றடி அவர்களுக்குத் துணி துவைக்கும் இடம் மட்டுமே. காசு கேட்காத அந்தப் பள்ளியும் ஊரில் பாதிப் பேருக்குக் கதவைச் சாத்தித்தான் வைத்திருந்தது.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்பதைச் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் காட்டியது. மீனவரான மூர்த்தி மேகவன், தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012இல் அங்கே அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். கடலைக் கையும் காலுமாக அறிந்த குப்பத்துப் பிள்ளைகள் அங்கே பயிற்றுநர்களானார்கள். ஊர் அறிவு, வரிசைப்படுத்திய பாடமாக மாறியது. ஆசிரியர் வெளியிலிருந்து வரவில்லை.

மல்லாந்து கிடத்தல்

பிரிட்டனில் 1824 முதல் கடலில் உயிர் காக்கும் ஆர்.என்.எல்.ஐ. அமைப்பு, அண்மை ஆண்டுகளாக எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே பாடத்தைச் சொல்லிவருகிறது. தண்ணீரில் விழுந்தால் உடனே நீந்தாதே, முதலில் மிதந்து கிட. தலையைப் பின்னால் சாய்த்து, காது நீரில் அமிழும்படி விட்டு, கையை மெல்ல அசைத்து, மூச்சு சீராகும்வரை இரு. கால் தாழ்ந்தாலும் பரவாயில்லை. போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் போன்றோரின் குளிர்நீர் ஆய்வுகள் இதற்குப் பின்னால் நிற்கின்றன. அந்த 1 நிமிடத்தைக் கடந்தவருக்கு மிச்சப் பத்தும் கிடைக்கும் என்பதே சாரம்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு குரல் கேட்டது. "மாப்ள, காது நனையட்டும்டா. மேல வானத்தப் பாரு. ஒடம்பத் தளர்த்து, தண்ணி தூக்கும்." முதுகுக்கு அடியில் ஓர் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கிணற்றில் மாமா சொன்னது இது. ஆய்வுக்கூடம் கண்டடைந்ததும் அவர் கை கற்றுக்கொடுத்ததும் ஒரே அசைவு. அவர் அதைக் களைப்பாறுவதற்காகச் சொன்னார். அவர்கள் மூச்சைக் காப்பதற்காகச் சொல்கிறார்கள். பதறுபவரைத் தண்ணீர் இழுக்கிறது, கிடப்பவரைத் தூக்குகிறது என்பதில் இரண்டு கரையும் ஒத்துப்போகின்றன.

அதன் பிறகு நடந்ததில்தான் வேறுபாடு. அவர்கள் அதை எழுதினார்கள், கொடியாக்கினார்கள், யார் வந்தாலும் சொன்னார்கள். நாம் அதைக் கையிலேயே வைத்திருந்தோம். ஆழ்துளைக் கிணறுகள் வந்து வட்டக் கிணறுகள் வற்றின. பல குப்பைக்குழி ஆகிவிட்டன. கண்மாய்களில் சீமைக்கருவேலம் நிறைந்தது. கை இருக்கிறது, கற்றுக்கொடுக்கத் தண்ணீர் இல்லை. ஆனால் நல்ல மழை பெய்த ஆண்டில் கண்மாய் திடீரென நிறைகிறது. நீச்சல் தெரியாத ஒரு தலைமுறை அதில் இறங்குகிறது. 2021இல் இந்தியாவில் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் 36 ஆயிரத்துக்கும் மேல். அதே ஆண்டு உலகம் முழுக்க ஏறத்தாழ 3 லட்சம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுக்கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் அரசுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

குளிர்கடலிடமிருந்து நாம் பெற வேண்டியது பலகையோ ரப்பர் உடையோ அல்ல. வரிசையும் கொடியும், பெண்பிள்ளையும் எந்தத் தெருப் பிள்ளையும் இறங்கலாம் என்ற விதியும்தான். அருப்புக்கோட்டை, திருச்சுழி ஊர்களில் ஐம்பது, அறுபது வயதைக் கடந்த நீச்சல்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊருக்கு ஒரு படிக்கட்டுக் கிணற்றைத் தூர்வாரி வைத்து, புரட்டாசியில், கண்மாய் நிறையுமுன், பள்ளிப் பிள்ளைகளை அவர்களிடம் அழைத்துப்போகலாம். மடை எது, பள்ளம் எது என்று கரையில் நின்று கைகாட்டச் சொல்லி, அங்கே ஒரு சிவப்புத் துணி கட்டலாம். யாரையும் தள்ளிவிட வேண்டாம். முதல் நாள் பாடம் ஒன்றே ஒன்று போதும்: மல்லாந்து கிடப்பது. அதற்கு வேண்டியது முதுகுக்கு அடியில் ஓர் உள்ளங்கை. அதை எப்போது எடுப்பது என்று தெரிந்த ஒருவர்.