யவனர் கொண்டுவந்த தேறல்

கோவைக்கு அடுத்த வெள்ளலூரில் 1842-ல் 500க்கு மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் அகப்பட்டன. காசைப் பற்றி எழுதாதவர் இல்லை. எனக்கு ஆவலெல்லாம் அந்த வாணிபத்தில் வந்த திராட்சை மதுவின் மேல்தான்.

முதல் நூற்றாண்டில் 'பெரிப்ளூஸ்' எழுதிய கிரேக்க வணிகன், முசிறித் துறைக்கு அது கொஞ்சமே போயிற்று என்கிறான். வடக்கே பரூச்சுத் துறையில் இத்தாலிச் சரக்குக்குத்தான் முதல் மரியாதை. அரிக்கமேட்டில் கிடைத்த மதுச் சாடிகளில் கிரேக்கத் தீவான காஸின் வகையும் உண்டு. அந்தத் தீவார் மதுவில் கடல்நீர் கலப்பார்களாம்! புறநானூற்றில் நக்கீரர் மணக்க மணக்கச் சொல்லும் யவனர் தேறல் அதுவாக இருக்காது; இத்தாலியது என்றே வைத்துக்கொள்வோம்.

பொற்கலத்தில் அதைக் குடிப்பவன் பாண்டியன் நன்மாறன். நொய்யல் கரைக் கொடுமணலில் உட்கார்ந்து, யவனர் ஆசைப்பட்ட கடல் நிறப் படியூர்க் கல்லை இழைத்தானே ஒருவன், அவன் நாவில் ஒரு சொட்டாவது பட்டிருக்குமா? அவனுக்குப் பனங்கள்தான் வாய்த்தது என்று நினைக்கிறேன்.