நைலோன் கிட்டாருக்கு உருக்குத் தந்தி போடாதீர்கள்!



சென்ற வாரம் மாணவன் ஒருவன் உடைந்த கிட்டார் ஒன்றை நம்மிடம் கொண்டு வந்தான். அவனது உம்மாவின் வாப்பா வாசித்தது. தந்தி பழுதாகிவிட்டதென்று வீட்டில் புதிதாக உருக்குத் தந்தி போட்டிருக்கிறார்கள். இரண்டே நாளில் தந்தி பூட்டும் பிரிட்ஜ் கழன்று, முன்பலகையும் வெடித்துவிட்டது.

"கிட்டார் எல்லாம் ஒன்றுதானே சேர்?" என்று கேட்டான். ஒன்றல்ல. அதற்கு ஒரு வரலாறே இருக்கிறது.

ஸ்பெயினின் அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோரஸ் 19ஆம் நூற்றாண்டில் கிளாசிக்கல் கிட்டாருக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தார். அன்று தந்தி மிருகக் குடலால் ஆனது. 1940களில்தான் நைலோன் வந்தது. இரண்டுமே மெதுவாக இழுப்பவை. ஆகவே முன்பலகை மெல்லியது. உள்ளே விசிறி போல மெல்லிய சட்டங்கள்.

ஜேர்மனியில் பிறந்த மார்ட்டின் என்ற கைவினைஞர் 1833இல் அமெரிக்கா சென்றார். அவரது பட்டறை 1840களில் பெருக்கல் குறி போலக் குறுக்காகச் சட்டம் வைத்தது. பிற்காலத்தில் உருக்குத் தந்தியின் இழுவையைத் தாங்க அந்த அமைப்பே கைகொடுத்தது. அதே நிறுவனம் 1916இல் செய்த பெரிய உடல் கிட்டாருக்கு ட்ரெட்நோட் என்று பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயர். இன்று கடைகளில் அதிகம் காண்பது இந்த வடிவமே. சத்தம் பெரிது.

கணக்கையும் பாருங்கள். ஆறு நைலோன் தந்திகளும் சேர்ந்து இழுப்பது சுமார் 40 கிலோ. உருக்குத் தந்திகள் இழுப்பது 70 கிலோ அளவில். மெல்லிய பலகை எப்படித் தாங்கும்?

நமது பக்கத்துக்குக் கிட்டார் புதிதல்ல. பைலா என்ற பெயரே நடனத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. வொலி பஸ்தியன் அதைச் சிங்களத்தில் பரப்பினார், ஏ.ஈ. மனோகரன் தமிழ்ப் பொப் பாடல்களில் பாடினார். இரத்மலானையிலிருந்து மொறட்டுவை வரை எத்தனையோ வீடுகளில் அந்தக் காலத்துக் கிட்டார் அலுமாரிக்கு மேல் கிடக்கும்.

அதை எடுத்தால் முதலில் பிரிட்ஜைப் பாருங்கள். தந்தியை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தால், தலைப்பகுதியில் நீளத் துவாரங்கள் இருந்தால், கழுத்தும் அகலமாக இருந்தால் அது நைலோனுக்கு உரியது. தந்தியின் நுனியைச் சிறு ஆணிகளால் துவாரத்துள் அழுத்தியிருந்தால் அநேகமாக உருக்குத் தந்திக் கிட்டார். சந்தேகமென்றால் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

அவனது கிட்டாரைத் தச்சர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறோம். பிரிட்ஜை ஒட்டித் தருவாராம். பழைய சத்தம் வருமா என்பதற்கு மட்டும் அவர் வாக்குக் கொடுக்கவில்லை.

உங்கள் வீட்டுக் கிட்டாருக்கும் இப்படி நடக்குமுன் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள்.