தலைமன்னார் பியரில் ஒரு கார்: கடல் கடந்த வாகனமும் அதன் கடதாசிகளும்



நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் ஓடத் தொடங்கியதிலிருந்து எமது ஊரில் ஒரு கேள்வி சுற்றிக்கொண்டே இருக்கிறது. "சேர், வேனையும் கப்பலில ஏத்திக்கொண்டு நாகூருக்குப் போகேலாதா?"

கடந்த கிழமை ஒரு நானா இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார். "லைசனும் வாகனப் புத்தகமும் தாங்க, மிச்சத்தை நான் பார்க்கிறேன்" என்று சொன்ன ஒரு தரகருக்கு முற்பணம் கொடுக்க ஆயத்தமாக இருந்தார். நல்லவேளை, கொடுக்க முன்னர் எம்மிடம் ஒரு வார்த்தை கேட்டார்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறோம். 2023 ஒக்டோபர் 14 இல் ஆரம்பித்த அந்தச் சேவை பயணிகளுக்கானது. ஆட்களையும் பொதிகளையும் ஏற்றும். வாகனம் ஏற்றாது. யாராவது ஏற்றித் தருவதாகச் சொன்னால் காசைக் கண்ணில் காட்டாதீர்கள்.

ஆனால் நானாவின் ஆசை புதியது அல்ல. எமது மன்னார்க் கடலைக் கடந்து கார்கள் வந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் லைசனும் வாகனப் புத்தகமும் மட்டும் ஒருபோதும் போதுமாக இருக்கவில்லை. அது ஏன் என்பதுதான் இன்றைய கதை.

1914 இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதோடு போட் மெயில் சேவை தொடங்கியது. கொழும்புக் கோட்டையில் இரவில் ஏறினால் விடியும்போது தலைமன்னார் பியர். அங்கிருந்து நீராவிக் கப்பலில் சுமார் 35 கிலோமீற்றர் கடந்தால் தனுஷ்கோடி. பிறகு மறுபடி ரயில், சென்னை வரை. எமது மூத்தவாப்பாமார் நாகூருக்கும் கீழக்கரைக்கும் போய் வந்தது இந்த வழியால்தான்.

1950களிலும் 60களிலும் இதே வழியால் வேறொரு கூட்டமும் வந்தது. லண்டனில் காரை எடுத்து, துருக்கி, ஈரான், பாகிஸ்தான் தாண்டி, இந்தியாவை மேலிருந்து கீழாகக் கடந்து மண்டபம் வரை ஓட்டி வந்தவர்கள். மண்டபத்தில் பாதை முடிந்துவிடும். பாம்பனுக்கு வாகனப் பாலம் 1988 இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே காரைத் திறந்த ரயில் வண்டியில் ஏற்றிக் கட்டி, பாலத்தைக் கடந்து துறைமுகம் வரை கொண்டுபோக வேண்டும். இப்போது படங்களில் பார்க்கிற மாதிரி கப்பலுக்குள் நேராக ஓட்டிக்கொண்டு ஏறும் வசதியும் அந்தக் கப்பல்களில் இல்லை. தூக்கித்தான் ஏற்ற வேண்டும், தூக்கித்தான் இறக்க வேண்டும். இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்திலேயே ஓட்டிக்கொண்டு ஏறும் தளம் 1953 இல்தான் வந்தது என்றால் எம்மைக் குறை சொல்ல முடியாது.

தூக்கி இறக்குவது ஒரு மணித்தியால வேலை. கடதாசி வேலைதான் பெரியது.

ஆளுக்குக் கடவுச்சீட்டும் வீசாவும் போதும். எமது நாட்டில் 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் வந்த பின் அவை கண்டிப்பாகின. காருக்கு என்ன பிரச்சினை? சுங்கத்துக்கு ஒரேயொரு பயம்: "இவன் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று காரைக் கொண்டுவந்து, இங்கேயே விற்றுவிட்டுப் போனால்?" தீர்வை கட்டாமல் ஒரு கார் நாட்டுக்குள் நுழைந்ததாகிவிடும். எங்கள் நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறக்கப்பட்டது. பழைய ஒல்ட்டோ ஒன்றின் விலை அந்த இடைவெளியில் எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். சுங்கத்தின் பயத்தில் பிழை சொல்ல முடியுமா?

கார்கள் வந்த ஆரம்ப காலத்தில் ஐரோப்பாவில் ஒவ்வொரு எல்லையிலும் தீர்வைக் காசை ரொக்கமாகக் கட்டி, வெளியேறும்போது திருப்பி வாங்குவார்கள். ஐந்து நாடு போக ஐந்து முறை. இந்தத் தலையிடியைத் தீர்க்கச் சுற்றுலாக் கழகங்களும் மோட்டார் சங்கங்களும் முன்வந்து, "இவருக்கு நாங்கள் பிணை" என்றன. முதலில் வந்தது திரிப்திக் எனும் மூன்று மடிப்புத் தாள், ஒரு நாட்டுக்கு ஒன்று. பிறகு பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே புத்தகம். அதுதான் கார்னே. 1954 இல் நியூயோர்க்கில் செய்யப்பட்ட சுங்க உடன்படிக்கை இந்த முறையை உலகத்துக்குப் பொதுவாக்கியது. இந்தியாவும் இலங்கையும் அதில் சேர்ந்த நாடுகள்.

கார்னே எப்படி இருக்கும்? பாடசாலையில் காசு வாங்கிக்கொண்டு கிழித்துத் தரும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் உரிமையாளர் பெயர், எஞ்சின் இலக்கம், செசி இலக்கம், நிறம், பெறுமதி எல்லாம் இருக்கும். உள்ளே ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. நாட்டுக்குள் வரும்போது சுங்கம் ஒரு துண்டைக் கிழித்து எடுக்கும். வெளியேறும்போது இன்னொன்று. அடிக்கட்டை உங்களோடு இருக்கும், இரண்டு முத்திரைகளோடும். ஒரு வருடம் செல்லும்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்வார்கள். தனுஷ்கோடியில் கப்பலைப் பிடிக்கும் அவசரத்தில் வெளியேறும் முத்திரையை வாங்கத் தவறினால், கார் தலைமன்னாரில் நின்றாலும் கடதாசிப்படி அது இன்னும் இந்தியாவில்தான். சுங்கம் தீர்வையைப் பிணை நின்ற சங்கத்திடம் கேட்கும். சங்கம் நீங்கள் கட்டிய வைப்பிலிருந்தோ வங்கி உத்தரவாதத்திலிருந்தோ எடுத்துக்கொள்ளும். கார் விபத்தில் எரிந்து போனாலும் சுங்கத்திடம் எழுத்தில் வாங்காமல் கணக்கு மூடாது.

மற்றக் கடதாசிகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தின் தொடக்கம் 1909 பாரிஸ் உடன்படிக்கை. இன்று நாம் எடுப்பது 1949 ஜெனீவா உடன்படிக்கையின் வடிவம். இதை வழங்குவது 1904 முதல் இருந்துவரும் இலங்கை ஓட்டோமொபைல் சங்கம். கொழும்பில் அதன் அலுவலகம் இருக்கும் வீதி எது தெரியுமா? சேர் முகம்மத் மாக்கான் மாக்கார் மாவத்தை! காரின் பின்னால் நீள்வட்டத்தில் நாட்டின் எழுத்து ஒட்ட வேண்டும். எமக்கு 'சீ எல்', அதாவது சிலோன். 1972 இல் நாட்டின் பெயர் மாறியது, எழுத்து மாறவில்லை. (சாதாரண தரப் பிள்ளைகளே, பொது அறிவுக்குக் குறித்துக்கொள்ளுங்கள்.) போகும் நாட்டில் செல்லுபடியாகும் காப்புறுதியும் வேண்டும். உங்கள் நாட்டுக் காப்புறுதி எல்லையோடு நின்றுவிடும். கடைசியாக, வாகனப் புத்தகத்தில் உங்கள் பெயர் மட்டும் இருந்தால் சரி. லீசிங் கம்பனியின் பெயரும் இருந்தால் அவர்களுடைய சம்மதக் கடிதம் இல்லாமல் ஓர் அடி நகர முடியாது.

1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறி, யுத்தம் தொடங்கிய பின் 1984 இல் நின்றது. 2011 இல் தூத்துக்குடி – கொழும்பு ஓடிய 'ஸ்கொட்டியா பிரின்ஸ்' கார் தளம் உள்ள கப்பல்தான். அதுவும் சில மாதங்களில் நின்றுவிட்டது.

போன வருடம் பிள்ளைகளைப் பியருக்குக் கூட்டிப்போனோம். துருப்பிடித்த இரும்பைக் காட்டி, "இதாலதான் கார் இறங்கினதா சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. காட்டுவதற்கு எம்மிடம் ஒரு படம்கூட இருக்கவில்லை. 1990 இல் வெறுங்கையோடு வெளியேறிய குடும்பங்களிடம் பழைய டிக்கட்டும் பாஸ்போட்டும் எங்கே மிஞ்சும்? யாருடைய வீட்டு அலுமாரியிலாவது போட் மெயில் காலத்துக் கடதாசி ஒன்று இருந்தால், படம் எடுத்து அனுப்புங்கள்.

நானாவின் வேனும் லீசிங்கில்தான். இன்னும் இரண்டு வருடத் தவணை பாக்கி. தரகரின் நம்பரை அழித்துவிட்டார். பிள்ளைகளோடு கப்பலில் போய், நாகபட்டினத்தில் இறங்கி அங்கேயே ஒரு வேன் பிடிக்கப் போகிறாராம்.