4294967297 (எண்)

4294967297 (நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு) ஓர் ஒற்றைப்படைப் பகு எண். 2³² + 1 என்பது இதன் சுருக்க வடிவம். ஃபெர்மா எண்களில் பகா எண்ணாக அமையாத முதல் எண் இதுவே.

வரலாறு

2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 ஆகியவற்றை இட்டு 1-ஐக் கூட்டினால் முறையே 3, 5, 17, 257, 65537 கிடைக்கின்றன. ஐந்துமே பகா எண்கள். அடுக்கை இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் கிடைக்கும் எண்கள் (ஃபெர்மா எண்கள்) எப்போதும் பகா எண்களாகவே இருக்கும் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியேர் தெ ஃபெர்மா 1640-இல் கருதினார். அடுத்த எண்ணான 4294967297-ஐ லியோனார்டு ஆய்லர் 1732-இல் பகா காரணிகளாகப் பிரித்து அக்கருத்தைப் பொய்யாக்கினார்:

4294967297 = 641 × 6700417

காரணி 641

இந்த எண்ணின் எந்தப் பகா காரணியும் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகவே இருக்கும் என்பது ஆய்லர் பின்னர் நிறுவிய தேற்றத்தின் விளைவு. அவ்வகைப் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று தொடங்குகின்றன. ஆகவே ஐந்தாவது வகுத்தலிலேயே மீதி இல்லாமல் போகிறது.

வகுக்காமலும் இதைக் காட்டலாம். 641 = 5 × 2⁷ + 1; 641 = 5⁴ + 2⁴. முதல் சமன்பாட்டின்படி, 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1. அதன் நான்காம் அடுக்கான 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாம் சமன்பாட்டின்படி 5⁴-க்குப் பதில் −2⁴-ஐ இடலாம். அப்போது −2³²-க்கு மீதி 1 என்றாகிறது. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

பிற பண்புகள்

- வகுஎண்கள் நான்கு: 1, 641, 6700417, 4294967297. இவற்றின் கூடுதல் 4301668356.
- இரு வர்க்கங்களின் கூடுதலாக இருவிதமாக எழுதலாம்: 65536² + 1², 62264² + 20449². பகா எண்ணை இவ்வாறு ஒருவிதத்தில் மட்டுமே எழுத முடியும் என்பதால், இது பகு எண் என்பதற்கு இதுவும் தனிச் சான்று.
- 2-ஐ அடிமானமாகக் கொண்ட போலிப் பகா எண். 2-இன் 4294967296-ஆம் அடுக்கை இதனால் வகுத்தால், பகா எண்ணுக்கு வருவதுபோலவே மீதி 1 வரும். ஃபெர்மாவின் சிறு தேற்றத்தை 2-ஐ மட்டும் கொண்டு சோதித்தால் இந்த எண் சிக்காது. 3-ஐக் கொண்டு சோதித்தால் சிக்கிவிடும்.

அண்டை எண்கள்

4294967296 (2³²) என்பது 32 பிட்டுகளில் குறிக்கத்தக்க வெவ்வேறு மதிப்புகளின் எண்ணிக்கை. 4294967295 என்பது 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்து ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலன். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையத்தக்கவை என அறியப்பட்ட, ஒற்றைப்படை எண்ணிக்கையில் பக்கங்களுடைய ஒழுங்குப் பல்கோணங்களில் மிகுதியான பக்கங்கள் கொண்டதன் பக்க எண்ணிக்கையும் அதுவே. 641 ஃபெர்மா பகா எண் அல்ல என்பதால், 4294967297 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பல்கோணத்தை அவ்வாறு வரைய இயலாது. ஆறாவது ஃபெர்மா பகா எண் எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை.