தேய்ந்தால்தான் ஓடும்! – போர் போட்ட என்ஜினும் திண்டிவனம் ரோடும்

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ‘தேய்மானம்’ என்றாலே பேலன்ஸ் ஷீட்தான் ஞாபகத்துக்கு வரும். ஒரு இயந்திரத்தின் மதிப்பு வருஷா வருஷம் குறைகிறது, அதைச் செலவாக எழுத வேண்டும். ஆனால் முதலில் கொஞ்சம் தேய்ந்தால்தான் ஒரு இயந்திரத்துக்கு மதிப்பே வரும் என்றால் நம்புவீர்களா? போர் போட்டுப் புதிதாகக் கட்டிய கார் என்ஜின் அப்படிப்பட்டதுதான்!

முதலில் கொஞ்சம் பழைய கதை.

சுதந்திரத்துக்குப் பிறகு பல வருஷங்கள் இந்தியாவில் கார் வாங்குவது லேசான காரியம் இல்லை. இறக்குமதிக்குத் தடை, உற்பத்திக்கு லைசென்ஸ். 1957-ல் வந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாஸடர், பம்பாயில் பிரீமியர் கம்பெனி செய்த ஃபியட், 1961-ல் சென்னையை அடுத்த வண்டலூரிலிருந்து வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். 1983 டிசம்பரில் மாருதி வரும்வரை சாமானியர் கண்ணில் பட்ட புதுக் கார்கள் பெரும்பாலும் இவைதான். பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் கையில் இருக்கும் காரை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். புகை தள்ளினால், ஆயில் குடித்தால், மேடு ஏறத் திணறினால், என்ஜினை இறக்கி வேலை பார்ப்பார்கள். மறுபடி ஓட்டுவார்கள். சில வருஷம் கழித்து மறுபடியும் இறக்குவார்கள்.

இதற்குத் தேவையான பிஸ்டனும் ரிங்கும் நம் ஊரிலேயே தயாரானது ஒரு பெரிய வசதி. 1949-ல் அமால்கமேஷன்ஸ் குழுமம் சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் கம்பெனியைத் தொடங்கியது. அதற்குப் பிறகு வெளிநாட்டுக் கப்பலை எதிர்பார்த்துக் காரை ஷெட்டில் நிறுத்தி வைக்கும் அவசியம் குறைந்தது.

சரி, போர் போடும்போது என்ன நடக்கிறது? பிஸ்டன் மேலும் கீழும் ஓடி ஓடி சிலிண்டரின் உள்சுவர் தேய்கிறது. அதுவும் ஒரே சீராகத் தேயாது. மேல் பக்கம் அதிகம் தேய்ந்து, வட்டம் நீள்வட்டமாகிவிடும். லேத் பட்டறையில் அந்தச் சுவரைக் கடைந்து மறுபடி சரியான வட்டமாக்குவார்கள். துளை பெரிதாகிவிட்டதால் பெரிய பிஸ்டன் வேண்டும். இதைத்தான் ஓவர்சைஸ் என்கிறார்கள். 20 ஓவர்சைஸ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு அதிகம். 40 ஓவர்சைஸ் என்றால் சுமார் 1 மில்லிமீட்டர். அவ்வளவுதான்!

கடைந்த பிறகு ‘ஹோனிங்’ என்று ஒரு வேலை உண்டு. சாணைக்கல்லைச் சிலிண்டருக்குள் சுழற்றி, மேலும் கீழும் இழுத்து, சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போடுவார்கள். கண்ணாடி மாதிரி பளபளப்பாக விட்டால் என்ன என்று தோன்றும். இங்கேதான் சுவாரஸ்யம். அந்தக் கோடுகளின் பள்ளத்தில்தான் ஆயில் தங்கும். மேட்டில் பிஸ்டன் ரிங் உரசும். உரச உரச மேட்டின் நுனி மழுங்கும், ரிங்கும் அந்தச் சுவருக்கு ஏற்றபடி படியும். இரண்டும் ஒன்றோடு ஒன்று பழகிவிட்டால் கேஸ் கீழே இறங்காது, ஆயில் மேலே ஏறாது.

இந்த ரிங்கின் பிறப்பிடம் கார் அல்ல, ரயில். 1850-களில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற இங்கிலாந்து ரயில்வே என்ஜினியர் நீராவி என்ஜினுக்காக, வெட்டு விட்ட உலோக வளையத்தைக் கொண்டுவந்தார். வளையம் தானாகவே விரிந்து சுவரை அழுத்தும். போதாததற்கு, நீராவியோ எரிந்த வாயுவோ வளையத்தின் பின்பக்கம் புகுந்து அதை இன்னும் வெளியே தள்ளும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆக, பட்டறையிலிருந்து வெளியே வரும்போது என்ஜின் முழுசாக முடிந்த பொருள் அல்ல. கடைசி மெருகைக் கொடுப்பவர் டிரைவர். அதைக் கொடுக்கும் இடம் ரோடு! இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் ‘ரன்னிங் இன், ப்ளீஸ் பாஸ்’ என்று பின் கண்ணாடியில் எழுதி ஒட்டிக்கொண்டு போவார்கள். நம் மெக்கானிக்குகள் ‘என்ஜின் டைட்டா இருக்கு, ஃப்ரீ ஆகட்டும்’ என்பார்கள். பொதுவான கணக்கு முதல் 500 மைல், அதாவது சுமார் 800 கிலோமீட்டர். அது முடிந்ததும் உலோகத் துகள் கலந்த ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்ற வேண்டும்.

800 கிலோமீட்டர் எவ்வளவு தூரம்? விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சுமார் 40 கிலோமீட்டர். போய் வந்தால் 80. ஆக, பத்து தடவை போய் வர வேண்டும்.

சொந்தக் கார் வைத்திருந்த டாக்டருக்கோ மிராசுதாருக்கோ இது பெரிய விஷயம் இல்லை. வாடகைக் கார் வைத்துப் பிழைப்பவரை நினைத்துப் பாருங்கள். என்ஜினை இறக்கிய நாளிலிருந்து வருமானம் நின்றுவிட்டது. பிஸ்டன் செட், பட்டறைக் கூலி எல்லாம் கடன். வண்டி ரெடியாகும் வாரம் பார்த்து மேல்மலையனூர் அமாவாசை வரும், அல்லது திருவண்ணாமலை பௌர்ணமி, அல்லது மயிலத்தில் முகூர்த்தம். ஐந்து பேர் ஏற வேண்டிய காரில் எட்டுப் பேர் ஏறத் தயாராக நிற்பார்கள். ஏற்றினால் இன்றைக்குக் காசு. ஏற்றி விரட்டினால் சூடேறி பிஸ்டன் ஜாம் ஆகலாம், சுவரில் கீறல் விழலாம். அப்புறம் மறுபடி போர்தான். ஆனால் ஒரு பிளாக்கை எத்தனை தடவை கடைய முடியும்? ஒவ்வொரு போரும் சுவரின் கனத்தைத் தின்கிறது. எல்லை தாண்டினால் ஸ்லீவ் போட வேண்டும், அது தனிச் செலவு. இன்றைய வாடகையா, நாளைய மூலதனமா? அந்த 800 கிலோமீட்டரில் இருந்த கேள்வி இதுதான்.

சரி, மெதுவாகப் போனால் போதும் என்று நினைத்தால் அதுவும் தப்பு! மேலே சொன்ன ரிங்கை ஞாபகப்படுத்துங்கள். அதைச் சுவரோடு சேர்த்து அழுத்துவது எரியும் வாயு. ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே இருந்தால் அழுத்தம் போதாது. நுனி மழுங்குவதற்கு முன்பே சுவரில் ஆயில் படலம் காய்ந்து மினுமினுப்பாகிவிடும். அதற்குப் பிறகு ரிங் படியவே படியாது, புது என்ஜின் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். சிலர் நிறுத்திய இடத்திலேயே மணிக்கணக்கில் ஐடிலிங்கில் ஓடவிடுவார்கள். அக்கறையோடு செய்யும் கெடுதல் அது. சரியான வழி, பாரம் ஏற்றாமல், வேகத்தை மிதமாகக் கூட்டுவது, பிறகு காலை எடுப்பது, மறுபடி கூட்டுவது. ஒரே வேகத்தில் போகக் கூடாது.

பழைய ஜி.எஸ்.டி. ரோடு இந்த விஷயத்தில் ஒரு நல்ல வாத்தியார். ஒற்றை ரோட்டில் இரண்டு பக்கமும் வண்டிகள். கூட்டேரிப்பட்டில் பஸ் நிற்கும், விக்கிரவாண்டியில் கூட்டம், முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைப் பக்கம் கரும்பு வண்டி வரிசை. பிரேக், கியர், ஆக்ஸிலரேட்டர் என்று மாறி மாறிப் போக வேண்டும். டிரைவர் திட்டிக்கொண்டே ஓட்டினாலும் ரிங் தன் பாட்டுக்குப் படிந்துகொண்டிருக்கும்! அன்று தேசிய நெடுஞ்சாலை 45 என்றிருந்த ரோட்டின் இந்தப் பகுதிக்கு இன்று எண் 132. நான்கு வழிச்சாலை. ஏறினால் ஒரே வேகம். இன்று இங்கே புது என்ஜினைப் பழக்குகிறவர் அந்த ஏற்ற இறக்கத்தைத் தானே வேண்டுமென்று கொடுக்க வேண்டும்.

காலமும் மாறிவிட்டது. ஸ்டாண்டர்ட் கம்பெனி 1988-ல் மூடப்பட்டது. அம்பாஸடர் உற்பத்தி 2014-ல் நின்றது. இன்றைய தொழிற்சாலைகள் மேட்டின் நுனியை முன்கூட்டியே நீக்கிவிடும் அளவுக்கு ஹோனிங்கைத் துல்லியமாகச் செய்கின்றன. ஆனாலும் முதல் 1000 கிலோமீட்டருக்கு விரட்டாதீர்கள் என்று பல புதுக் கார்களின் கையேடுகளில் இன்றும் இருக்கிறது.

பழைய காரைக் காப்பாற்றுகிறவர்களுக்கு இப்போது ஒரு புதுச் சிக்கல். புகைக்குழாயில் இருக்கும் கேடலிடிக் கன்வர்ட்டர் கெடாமல் இருக்க, இன்றைய ஆயிலில் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானத்தைக் குறைத்துவிட்டார்கள். அம்பாஸடர் மாதிரியான பழைய என்ஜின்களின் கேம் ஷாஃப்ட்டை முதல் ஓட்டத்தில் காப்பாற்றுவது அந்தச் சேர்மானம்தான். விலை உயர்ந்த புது ஆயில் என்று நம்பி ஊற்றினால் கேம் தேயலாம். இப்படிப்பட்ட என்ஜினுக்கென்றே இருக்கும் ஆயிலைக் கேட்டு வாங்க வேண்டும்.

கணக்கில் எல்லாத் தேய்மானமும் ஒரே பத்தியில்தான் வரும். என்ஜினுக்கு அப்படி இல்லை. முதல் 800 கிலோமீட்டரில் தேய்வது முதலீடு. அதற்குப் பிறகு தேய்வதுதான் செலவு. முன்னதைச் சரியாகச் செய்தவருக்குப் பின்னது மெதுவாக வரும். கடனோடு நின்ற வாடகைக் கார்க்காரர் அன்றைய அமாவாசை சவாரியை வேண்டாம் என்று சொன்னால், அவர் விட்டது ஒரு நாள் வாடகை. மிச்சம் பிடித்தது இன்னொரு போர்!