தாதியரின் கையும் வைத்தியரின் கையொப்பமும்

எமது பழைய மாணவிகள் சங்கம் பிறந்த பத்தாண்டு, இலங்கையின் சுகாதார வரலாற்றிலும் நினைவுகூரத்தக்கது. 1926இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும்வரை காத்திராமல், மருத்துவமாதும் பொதுச் சுகாதாரத் தாதியும் வீடு தேடிப் போகும் முறை அங்கே வேர்கொண்டது. அடுத்த ஆண்டே 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம் வந்தது. யார் வைத்தியர், யார் மருத்துவமாது, யார் சிகிச்சை செய்யலாம் என்பதை அது வரையறுத்தது. போலி வைத்தியரிடமிருந்து மக்களைக் காக்க அந்த வேலி தேவைப்பட்டது. வேலிக்குள்ளே தாதியருக்கு எவ்வளவு இடம் என்ற கேள்விதான் இன்னும் தீரவில்லை. இந்த மலரைக் கையில் எடுக்கும் சகோதரிகளில் பலர் தாதியர். சிலர் எங்களைப் போல வைத்தியர். ஒரே வாங்கில் இருந்து உயிரியல் படித்தவர்கள் நாங்கள். ஆகவே இதைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசலாம்.

களுத்துறை முறை நாடெங்கும் பரவியபோது நிகழ்ந்ததை எண்களே சொல்லும். 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1950 அளவில் அது 600க்குக் கீழே வந்தது. இன்று 50க்கும் குறைவு. மலேரியா ஒழிப்பு, பெனிசிலின், வீதிகள், பெண்கல்வி எல்லாம் இதில் பங்கு கொண்டன. எனினும் மருத்துவமாது இல்லாமல் இது நடந்திராது என்று உலக வங்கியே தனி நூல் வெளியிட்டது. எங்கள் அம்மம்மாமாரின் காலத்தில் பிள்ளைப்பேறு என்றால் ஊர் மருத்துவிச்சிதான். அவருடைய இடத்துக்கு, பயிற்சி பெற்று, பையுடன் சைக்கிளில் வந்த பெண்ணை ஊர் ஏற்றுக்கொண்டது. அரசாங்கமும் அவரை நம்பிப் பிரசவத்தைக் கையில் கொடுத்தது.

இதே அரசாங்கம் அப்போதிக்கரிமாரையும் நம்பியது. பட்டம் பெற்ற வைத்தியர் போக விரும்பாத ஊர்களில் மருந்தகம் நடத்தி, நோயை நிதானித்து, மருந்து எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். படுவான்கரைப் பெரியவர்கள் இன்றும் “அப்போதிக்கரி ஐயா” என்று மரியாதையுடன்தான் சொல்வார்கள். பின்னர் உதவி வைத்திய அதிகாரி என்ற பெயர் வந்தது. காலப்போக்கில் அந்தப் பயிற்சிக்கு ஆட்சேர்ப்பும் நின்றுவிட்டது. வைத்தியப் பட்டம் இல்லாதவர் மருந்து எழுதுவது இந்த நாட்டுக்குப் புதிதன்று என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம். அந்த உரிமையைப் பெற்ற முதல் தலைமுறையினர் பெரும்பாலும் ஆண்கள். மூன்று வருடம் பயின்ற தாதி, பெரும்பாலும் பெண், அதைக் கேட்டால் மட்டும் சட்டப் புத்தகம் திறக்கப்படுகிறது.

எமது வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். எழுவான்கரையில் பெரியாஸ்பத்திரி, படுவான்கரையில் வயலும் காடும் கொக்கட்டிச்சோலையும் வெல்லாவெளியும். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை அங்கே துறை கடப்பது பாதையில்தான். யுத்த காலத்தில் ஒரு கரை ஒருவர் கையிலும் மறுகரை மற்றவர் கையிலும் இருந்தபோது, சோதனைச் சாவடி தாண்டாமல் நோயாளி இக்கரை வர முடியாது. இரவென்றால் அதுவும் இல்லை. அந்த நாட்களில் தாதியரும் மருத்துவமாதரும் தங்கள் கடமைப் பட்டியலில் இல்லாத எத்தனையோ செய்தார்கள். சேலைன் ஏற்றினார்கள், காயம் தைத்தார்கள், வைத்தியர் இல்லாத இடத்தில் முடிவெடுத்தார்கள். சமாதானம் வந்ததும் அந்த அனுபவம் எந்தச் சுற்றுநிருபத்திலும் இடம்பெறவில்லை. நெருக்கடியில் தகுதியுள்ளவர், அமைதிக் காலத்தில் தகுதியற்றவர் ஆனார்.

இதற்கிடையில் கல்வி வளர்ந்தது. 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இலங்கைத் தாதியர் பேரவையை ஏற்படுத்தியது. 1994இல் திறந்த பல்கலைக்கழகம் தாதியருக்குப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. எங்கள் ஊரிலேயே தாதியர் கல்லூரி இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் வைத்திய மாணவரும் தாதிய மாணவரும் படிக்கிறார்கள். ஆனால் பேரவை பதிவைத் தந்ததே ஒழிய மருந்து எழுதும் உரிமை வரவில்லை. பட்டம் பெற்று வந்தவரும் விடுதியில் முன்போலவே துணிக் கணக்கும் மருந்துக் கணக்கும் எழுதி, தொலைபேசிக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்.

நடைமுறையில் இது எப்படித் தெரியும்? நீரிழிவுக்காரர் மாதந்தோறும் அதே மாத்திரைக்கு வருகிறார். இரத்தச் சீனியைப் பார்ப்பது, காலில் புண்ணிருக்கிறதா என்று பார்ப்பது, சாப்பாட்டைப் பற்றிச் சொல்வது எல்லாம் மிஸ்ஸிதான். மருந்து மாறவில்லை, ஆயினும் கையொப்பத்துக்காக அவர் பகல்வரை வாங்கில் குந்தியிருக்க வேண்டும். அதைவிடக் கனமானது புற்றுநோயாளியின் நோவு. மட்டக்களப்பில் சிகிச்சை முடிந்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீடு திரும்பிய ஒருவருக்கு வெல்லாவெளியில் நடுச்சாமத்தில் நோவு கூடினால், மோபின் அளவைக் கூட்ட அங்கே அதிகாரமுள்ளவர் யார்? வீட்டுக்குப் போகக்கூடியவர் தாதி. அவரால் கையைப் பிடித்துக்கொண்டிருக்கத்தான் முடியும்.

உகண்டா எம்மைவிட வசதி குறைந்த நாடு. 2004இல், நோவு தணிப்புச் சிகிச்சையில் விசேட பயிற்சி பெற்ற தாதியர் மோபின் எழுதலாம் என்று அங்கே சட்டம் செய்தார்கள். பிரித்தானியா 1992இல் சட்டம் இயற்றிச் சிறிய பட்டியலுடன் தொடங்கி, 2006இல் தகுதிபெற்ற தாதியர் தம் திறமைக்குட்பட்ட ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் எழுதலாம் என்று விரித்தது. இலண்டனிலிருந்து இந்த மலரை வாசிக்கும் சகோதரிகளுக்கு இது அன்றாட வேலை. அதே சகோதரி விடுமுறையில் ஊருக்கு வந்தால், இங்கே வேலை செய்யும் தன் வகுப்புத் தோழிக்கு அந்த உரிமை இல்லை.

தடை எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெரும்பகுதி வைத்தியர்களாகிய எமது தரப்பிலிருந்து. நோயாளியின் பாதுகாப்பு என்ற காரணத்தை நாம் முன்வைப்போம். அதில் உண்மையும் உண்டு. கண்ணாடி விரியன் கடிக்கு நச்செதிர் மருந்தைத் தாதி தனித்து ஏற்ற வேண்டும் என்று நாம் கேட்கமாட்டோம். ஒவ்வாமை வந்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் பாதுகாப்பைப் பேசும் வாய் பல வேளைகளில் அந்தஸ்தையும் சேர்த்தே பேசுகிறது. மருத்துவமாதின் கையில் பிரசவத்தைக் கொடுத்ததால் தாய்மார் இறப்பு கூடவில்லையே.

2022க்குப் பிறகு வைத்தியர்களும் தாதியரும் கூட்டங்கூட்டமாக வெளியேறிவிட்டார்கள். எஞ்சியிருப்பவர்களைக் கொண்டு சிறு வைத்தியசாலைகளை நடத்த வேண்டிய நிலையில், முதலில் மூன்று காரியங்களுக்காவது தாதியருக்குச் சட்டபூர்வ அதிகாரம் வேண்டும்: மாறாத நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளைப் புதுப்பித்தல், புண் பராமரிப்பு, வீட்டில் நோவு தணித்தல். அதற்கு எழுத்திலான வழிகாட்டியும் பயிற்சியும், தொலைபேசியில் வைத்தியரின் துணையும் போதும். அந்த வழிகாட்டிகள் கனடாவிலும் பிரித்தானியாவிலும் எமது சகோதரிகளின் மேசைகளில் கிடக்கின்றன. அவற்றைச் சங்கத்துக்கு அனுப்பிவைத்தால், தமிழாக்கி, படுவான்கரை வைத்தியசாலைகளுக்கு ஏற்றவாறு திருத்தும் வேலையை இங்கிருக்கும் நாங்கள் பொறுப்பேற்கிறோம்.