விடுமுறைக் காலமும் வன்னிச் சிறாரின் வாசிப்பும்

ஆகஸ்ட் விடுமுறை ஒன்றில் நம் மாணவர் சிலரை வன்னியில் உள்ள நூலகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். 'சிறுவர் பகுதி' என்று சுவரில் எழுதியிருந்த மூலையில் இரண்டு தட்டுகளில் படப்புத்தகங்கள் இருந்தன. நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி யானைக் கதை ஒன்றை எடுத்து இருமுறை புரட்டிப் பார்த்தாள். "சேர், இதை வீட்டை கொண்டுபோகலாமோ? தம்பிக்கும் காட்டவேணும்" என்று கேட்டாள்.

கொண்டுபோக முடியவில்லை. அங்கத்தவராவதற்கு அப்பிரதேசத்து வரியிறுப்பாளர் ஒருவர் பிணையாகக் கையொப்பமிட வேண்டுமாம். அவளுடைய தந்தை பிறர் காணியில் கொட்டில் கட்டியிருக்கும் கூலித் தொழிலாளி. நாம் பிணை நிற்க முன்வந்தோம். நாமோ வேறொரு பிரதேச சபையின் எல்லைக்குள் வாழ்பவர். நூலகரைக் குறை சொல்வதற்கில்லை. கணக்கெடுப்பில் ஒரு நூல் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. யானைக் கதை தட்டுக்குத் திரும்பிற்று.

இச்சிறு நிகழ்ச்சிக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு. நூலகத்தின் கதவு திறந்திருக்க, நூல் மட்டும் ஏழைப் பிள்ளையின் கையை எட்டாதிருப்பது ஏன் என்பதை அவ்வரலாற்றைக் கொண்டே விளங்கிக்கொள்ள முடியும்.

பள்ளி மூடியிருக்கும் நாட்களில் பிள்ளை எதை வாசிக்கிறது என்ற கேள்வி புதியதன்று. 1890களிலேயே அமெரிக்காவின் கிளீவ்லாந்து போன்ற தொழில் நகரங்களின் நூலகங்கள் சிறாரின் வாசிப்பைத் தனிப் பணியாக மேற்கொண்டன. நீண்ட கோடை விடுமுறைக்கு வாசிப்புப் பட்டியல்கள் தயாரித்தன. பின்னர், 1978இல், பார்பரா ஹெயின்ஸ் என்ற சமூகவியலாளர் அட்லாண்டா நகரத்துப் பிள்ளைகளைப் பற்றிய தம் ஆய்வினை வெளியிட்டார். பள்ளி நடைபெறும் மாதங்களைவிட விடுமுறை மாதங்களிலேயே வசதியுள்ள பிள்ளைக்கும் வறிய பிள்ளைக்கும் இடையிலான இடைவெளி மிகுதியாக விரிகிறது என்பது அவர் கண்ட முடிவு. அவ்விடைவெளியைக் குறைக்கும் ஆற்றல் விடுமுறையில் வாசித்த நூல்களுக்கு இருந்ததையும் அவர் கண்டார். பள்ளி ஓரளவு சமன்செய்வதை விடுமுறை மீண்டும் குலைத்துவிடுகிறது. வர்க்க வேற்றுமைக்கு விடுமுறை இல்லை போலும்!

நம் நாட்டின் கதைக்கு வருவோம். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980 முதல் பாடநூல்களும் இலவசமாகக் கிடைத்தன. உழைக்கும் மக்களின் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலை மிதித்தது இவற்றின் பயனே. நாமும் அப்பயனைப் பெற்றவர்களே. ஆயினும் அரசு கையளித்த நூல் பரீட்சைக்கு உரிய நூல். பரீட்சைக்கு உதவாத, மகிழ்ச்சிக்காக மட்டுமே வாசிக்கும் நூலை வாங்குவது பெற்றோரின் பொறுப்பாகவே நின்றுவிட்டது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சை பல ஆண்டுகளாக ஆகஸ்ட் மாதத்திலேயே நடந்துவந்தது. பத்து வயதுப் பிள்ளையின் விடுமுறை அதனால் வினாத்தாள்களின் காலமாயிற்று.

தமிழில் சிறுவர் நூல் இல்லாமற் போகவில்லை. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் ஈழத்துப் பிள்ளைகளுக்கென்று பாடினார். தமிழகத்தில் அழ. வள்ளியப்பாவின் முயற்சியால் 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றிற்று. எனினும் பாட்டு பெருகிய அளவுக்குப் படம் பெருகவில்லை. அக்காலத்து அச்சகத்தில் வண்ணப் படம் ஒன்றுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி அச்சுக்கட்டை செய்யவேண்டும். சில நூறு பிரதிகளே விலைபோகும் சந்தையில் எந்தப் பதிப்பாளர் அச்செலவை ஏற்பார்? இலாபம் தேடும் சந்தை ஏழைப் பிள்ளைக்குப் படப்புத்தகம் தருவதில்லை என்பது அன்றே வெளிப்பட்டுவிட்டது.

அக்குறையை ஓரளவு தீர்த்தவை மாஸ்கோவிலிருந்து வந்த நூல்கள். முன்னேற்றப் பதிப்பகமும், 1982 முதல் ராதுகா பதிப்பகமும் வெளியிட்ட தமிழ்ப் படப்புத்தகங்கள் நல்ல தாளில், அழகிய வண்ணத்தில், கூலித் தொழிலாளியும் வாங்கக்கூடிய விலையில் கிடைத்தன. இதனைப் படிக்கும் ஆசிரியர்களுள் பலர் அவற்றைத் தடவிப் பார்த்து வளர்ந்தவர்களாகவே இருப்பர். ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. அந்நூல்களில் வெண்பனியையும் கரடியையும் கண்ட நம் பிள்ளை, தன் குளத்து நாரையையும் பாலைமரத்தையும் எந்தப் புத்தகத்திலும் காணவில்லை. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அவ்வூற்றும் வற்றிற்று.

நூலகங்களின் வரலாறும் இத்தகையதே. 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றனர். 1933இல் யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பா தம் வீட்டிலேயே இலவச நூலகம் ஒன்றைத் தொடங்கினார். அவ்விதையே யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. 1959இல் அதன் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. சிறுவர் பகுதியோ பல ஆண்டுகள் கழித்தே அதனோடு இணைந்தது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அழிந்த ஏட்டுச் சுவடிகளுக்காக நாம் இன்றும் வருந்துகிறோம், வருந்தவும் வேண்டும். அங்கே கதை படித்த சிறுவர்களின் இழப்பைப் பற்றி எழுதியவர் சிலரே.

வன்னியில் நிலைமை இதனினும் கடினம். 1902இல் தொடங்கிய இரணைமடுக் குளத்து வேலையும், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் இங்கே குடியேற்றங்களுக்கு வழிசெய்தன. காணியும் நீரும் வந்தன. பின்னர் பள்ளியும் வந்தது. நூல் வந்தது பெரும்பாலும் சனசமூக நிலைய வாசிகசாலைகளின் வழியாக. மக்கள் தம் உழைப்பால் எழுப்பிய அவ்வாசிகசாலைகளைப் போற்றுகிறோம். ஆயினும் மாலையில் அங்கே பத்திரிகை விரித்து அரசியல் பேசியோர் வளர்ந்த ஆண்களே. பிள்ளைகளுக்கு அங்கே வாங்கில் இடமிருந்ததில்லை.

1958இலும் 1977இலும் நிகழ்ந்த வன்செயல்களுக்குப்பின் மலையகத் தமிழ் மக்கள் பலர் இங்கே வந்து குடியேறினர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த பரம்பரையினர் அவர்கள். காணி உறுதி இல்லை. பல குடும்பங்களுக்கு அனுமதிப்பத்திரமும் இல்லை. வரியிறுப்பாளர் பட்டியலில் பெயர் எங்ஙனம் ஏறும்? அன்று மறுக்கப்பட்ட நிலம், இன்று மறுக்கப்படும் புத்தகமாகத் தொடர்கிறது. அந்தச் சிறுமி அத்தகைய குடும்பமொன்றின் நான்காம் தலைமுறை.

போர்க்காலத்தைச் சொல்லத் தேவையில்லை. கிளிநொச்சிப் பொது நூலகமும் அழிவுண்டது. 2009இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முகாம்களில் அடைபட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் வவுனியா மாவட்டத்து மெனிக் பாம் முகாமில். அவ்வாண்டு ஆகஸ்டில் முகாமுக்குள்ளேயே புலமைப்பரிசிற் பரீட்சை நடத்தப்பட்டது. பதுங்குகுழியிலிருந்து வந்து சில மாதங்களே ஆன பிள்ளைகளுக்கு வினாத்தாள் தவறாமல் வந்து சேர்ந்தது. படப்புத்தகம் வருவதோ கொடையாளரின் மனத்தைப் பொறுத்திருந்தது.

வேறுவிதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு உலகில் சான்று உண்டு. 1945இல் யெல்லா லெப்மன் என்ற யூதப் பெண்மணி, நாசிகளுக்கு அஞ்சி வெளியேறிய அதே செர்மனிக்குத் திரும்பினார். உண்ண உணவும் ஒதுங்கக் கூரையும் இல்லாத பிள்ளைகளுக்குப் புத்தகமும் உடனே வேண்டும் என்று வாதாடினார். பல நாடுகளுக்குக் கடிதம் எழுதிச் சிறுவர் நூல்களைக் கேட்டார். செர்மனியால் தாக்கப்பட்ட நாடுகளும் நூல்களை அனுப்பின. 1946இல் மியூனிக் நகரில் அவற்றைக் கண்காட்சியாக வைத்தார். 1949இல் அங்கேயே அனைத்துலக இளைஞர் நூலகம் திறக்கப்பட்டது. பிள்ளைகள் அங்கே வாசித்தனர், வரைந்தனர், விவாதித்தனர். அவருக்கும் மூன்று நூற்றாண்டு முன்னர், போரினால் நாடிழந்து அலைந்த கொமேனியஸ் என்ற கல்வியாளரே 1658இல் சிறாருக்கான படப் பாடநூலை வெளியிட்டார். இடம்பெயர்ந்த மக்களுக்குப் படப்புத்தகம் ஆடம்பரம் என்போர் இவ்விருவரையும் எண்ணிப் பார்க்கட்டும்.

அன்று நூலகத்திலிருந்து திரும்பிய சிறுமி, தான் கண்ட யானையை அப்பியாசக் கொப்பியில் வரைந்து தம்பிக்குக் காட்டினாள். கதையில் ஆறு இருந்தது. அவள் வரைந்ததோ தன் ஊர்க் குளம். படப்புத்தகம் செய்யும் பணி எங்கே தொடங்க வேண்டும் என்பதை அவள் நமக்குக் காட்டிவிட்டாள்.

நாம் கேட்பவை பெரியவை அல்ல. சிறுவர் அங்கத்துவத்துக்கு வரியிறுப்பாளரின் பிணை வேண்டா. வகுப்பாசிரியரின் கையொப்பம் போதும் என்று பிரதேச சபைகள் தீர்மானிக்கலாம். படப்புத்தகம் கிழிவது இயல்பு என்று ஏற்று, ஆண்டுதோறும் ஒரு பகுதியைக் கணக்கிலிருந்து நீக்கலாம். நூலகரின் அச்சம் நீங்கும். ஒக்டோபர் வாசிப்பு மாதத்துப் போட்டிகளோடு நின்றுவிடாது, ஆகஸ்டில் வாரம் இருநாள் மரநிழலில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டலாம். மன்னார்குடியில் மாட்டுவண்டி செய்ததை இங்கே ஒரு லான்ட்மாஸ்டர்ப் பெட்டி செய்யும்.

இவற்றுக்கு ஆசிரியர்களும் மாணவர்களும் வேண்டும். விடுமுறை நமக்கும் உண்டு. அதில் சில நாட்களைக் கொடுப்போம். சபைகளின் தீர்மானத்துக்காகக் காத்திராமல் அடுத்த ஆகஸ்டிலேயே தொடங்குவோம். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டு ஆண்டு காத்திருக்க நேரமில்லை; அதற்குள் அவள் பள்ளியையே விட்டுப் போய்விடுவாள்.